நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில்

மூன்றாவது தடவை எண்ணியபோதும் அறுபத்து மூன்றுதான் வந்தது.

பஞ்சாயத்து கிளார்க் சென்றாயன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பங்குனி வெயில். பழைய செருப்பின் வார் வேறு கடித்தது.

காரிமங்கலம் சந்தைக்குப் போகும் பஞ்சாயத்துச் சாலையில் மேற்குப் பக்கம் நெடுகப் புளியமரங்கள். அறுபத்தோராம் வருஷம் அவர்தான் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்து ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டார். ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை. பதினோரு வருஷமாக அந்த நம்பர்படிதான் மரங்கள் ஏலத்துக்குப் போகின்றன.

போன வாரம் ஒன்றிய ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிருக்கிறது. மரம் மொத்தம் அறுபத்து நான்கு, ஒன்றைக் குத்தகைக்காரர் அப்துல் ஷுக்கூர் விழுங்கிவிட்டார் என்று. அதன் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, எண்ணி அறிக்கை அனுப்பச் சொல்லி கிளார்க்குக்கே திருப்பிவிட்டார்கள். இன்று சாயங்காலம் கெடு.

கடிதாசி நிஜமென்றால் ஷுக்கூரின் குத்தகை ரத்து. இனி எந்த ஏலத்திலும் அவர் நிற்க முடியாது. ஒன்பது வருஷமாக இந்த மரங்களை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

காலையில் முதல் வேலையாக ஷுக்கூரைப் போய்ப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தால், மனுசன் டீ சொன்னார். ஓசியில் ஒரு மரம் தின்றிருந்தால் இந்த உடம்பு இப்படியா இருக்கும் என்று தன் விலா எலும்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். கிளம்பும்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"நம்பரப் பாக்காதீங்க கிளார்க்கய்யா. மரத்தப் பாருங்க."

இரண்டும் ஒன்றுதானே என்று அப்போது தோன்றியது. இப்போது கல்லில் உட்கார்ந்திருக்கையில் உறைத்தது.

மூன்று தடவையும் அவர் மரத்தை எண்ணவே இல்லை. தாரில் எழுதிய நம்பரைப் படித்துக்கொண்டே போயிருக்கிறார். தான் எழுதியதைத் தானே படித்தால், எழுதியதுதானே வரும்? அது சரியா தப்பா என்று அந்த நம்பருக்கே எப்படித் தெரியும்?

வேறு வழி வேண்டும். இப்படி யோசிப்பது அவருக்குப் பிடித்த வேலை. அலுப்புகூடக் கொஞ்சம் விலகியது.

வெள்ளைக்காரன் காலத்தில் கயிறு பிடித்து நட்ட மரங்கள் இவை. எழுந்துபோய் ஒன்றாம் மரத்திலிருந்து இரண்டாம் மரத்துக்கு நடந்து பார்த்தார். பதினைந்து தப்படி. இரண்டிலிருந்து மூன்றுக்கும் பதினைந்து.

அப்படியானால் நம்பரே வேண்டாம், கால் போதும். எங்காவது இடைவெளி இரண்டு மடங்காக இருந்தால், நம்பர் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மரம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யாரோ பழைய ஞாபகத்தில் அதையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். மக்கிய அடிக்கட்டை ஒன்று கிடைத்தால் போதும். அறுபத்தோராம் வருஷம் ஷுக்கூர் குத்தகைக்கே வரவில்லை. தப்பித்துவிடுவார்.

தலையைக் குனிந்து, தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். பத்தாம் மரம், இருபதாம் மரம், முப்பதாம் மரம். எல்லாம் பதினைந்து.

நாற்பதாம் மரத்திலிருந்து பதினைந்து வைத்தாயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தால் நாற்பத்தொன்று இன்னும் அவ்வளவு தூரம் தள்ளி நின்றது.

கிடைத்துவிட்டது. அடிக்கட்டையைத் தேடி ஒரு அடி முன்னால் வைத்தார். வேர் காலை இடறியது. உயிருள்ள வேர்.

நிமிர்ந்தார்.

மரம் நின்றது. முழு மரம், நம்பர் மட்டும் இல்லை. அடியில் கோணியை விரித்து ஒரு பெண் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"காலைலருந்து நாலு தடவ வூட்டத் தாண்டிப் போறீங்க. எதத்தான் தேடறீங்க?"

சாலம்மாள். அவருடைய மனைவி.

தினமும் இந்த மரத்தைச் சுற்றித்தான் சைக்கிளை வாசலுக்குள் தள்ளுகிறார். நம்பர் போட்ட அன்று இதில் மூத்த மகளின் தூளி தொங்கியது. பிள்ளை தூங்குகிறது, நாளைக்குப் போடலாம் என்று விட்டதாக ஞாபகம். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா என்று இப்போது அவருக்கே நிச்சயமில்லை.

ஒன்பது வருஷமாக ஷுக்கூரின் ஆட்கள் நாற்பதை உலுக்கிவிட்டு நேராக நாற்பத்தொன்றுக்குப் போயிருக்கிறார்கள். ஷுக்கூருக்குத் தெரியும். தெரிந்தும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அறுபத்து மூன்று என்று எழுதிக் கொடுத்தால் இன்றைக்கு யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த கடிதாசி எந்த மரம் என்று சொல்லும். அப்போதும், பழம் பறிக்கிறவர் என்று முதலில் மாட்டுவது குத்தகைக்காரர்தான்.

கோணியின் ஓரத்தில் உட்கார்ந்து சாலம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அப்படியானால் இதையும் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். தட்டிய புளியையும் தட்டாத பழத்தையும் ஒன்றாக வாரி மூட்டையாகக் கட்டத் தொடங்கினாள்.

அவர் தாளை முழங்காலில் வைத்து எழுதினார்.

"மரங்கள் அறுபத்து நான்கு. விடுபட்டது நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில், என் வீட்டு வாசலில் உள்ளது. நம்பர் போடாமல் விட்டவன் நான். பழம் எடுத்தது என் வீட்டார். குத்தகைக்காரருக்கு இதில் சம்பந்தம் இல்லை. இனிமேல் இந்தச் சாலை மரங்களை, இந்தச் சாலையில் வீடு இல்லாத ஒருவர் எண்ண வேண்டும்."