விபத்தில்லா ஆண்டு

"சார், 'பணியாளர் பள்ளத்தில் விழுந்தார்'னு எழுதட்டுமா?" குடிநீர் வாரிய கிளார்க் படிவமும் பேனாவுமாக நின்றார்.

"விழுந்தார்னு எழுதினா விபத்தாயிடும்யா! நாளைக்கு 'விபத்தில்லா ஆண்டு' கேடயம் நமக்குத்தான். 'இறங்கினார்'னு எழுது." பூசி மெழுகுவதில் பாதுகாப்பு அதிகாரியை மிஞ்ச ஆளில்லை.

"பத்தடி ஆழம் சார்."

"அப்ப, 'வேகமாக இறங்கினார்'."

"கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கே?"

"சொந்தக் கால்தானே? வாரியச் சொத்துக்குச் சேதமில்லைன்னு எழுது."

"பள்ளத்தைச் சுத்தித் தடுப்பே வைக்கலையே சார்?"

"'ஆய்வு வசதிக்காகத் திறந்து வைக்கப்பட்டது.' வகைங்கிற இடத்துல, 'விபத்தல்ல, கள ஆய்வு'ன்னு போடு."

எழுதி முடித்த கிளார்க், படிவத்தையும் பேனாவையும் நூலில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார். பத்தடிக்குக் கீழே, சேற்றில் உட்கார்ந்திருந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

"சரிய்யா, இப்ப தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு. கால் வலி உயிர் போகுது!"

"ஐயையோ, வண்டி வந்தா விபத்துன்னு பதிவாயிடுமே சார்!" கிளார்க் படிவத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். "நீங்க கள ஆய்வை நிதானமா முடிச்சிட்டு ஏறி வாங்க. நான் போய் கேடயம் மாட்ட ஆணி அடிக்கிறேன்."