தொழுகை முடியும்வரை

டமாரென்ற சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்றாக மேலே எழும்புகின்றன. வில்லியனூரில் காஜா மொய்தீனின் பழைய இரும்புக் கடை வாசலில், தூக்கி நிறுத்திய அம்பாசடர் கார் சரிந்து தரையில் உட்கார்ந்திருக்கிறது. புதுச் சிவப்புப் பெயின்ட் பூசிய ஜாக்கியைக் கடைக்காரர் காலால் ஒதுக்குகிறார். கரிக்கலாம்பாக்கம் சிங்காரவேலு தன் நசுங்கிய கட்டைவிரலைத் தடவியபடி சிரிக்கப் பார்க்கிறார். அது போன மாதம் வீட்டில் இதே காருக்கு அடியில் படுத்திருந்தபோது பட்ட காயம். அவர் மனைவி தனக்கொடி சிரிக்கவில்லை. "அந்தக் கறுப்ப வைங்க பாய்," என்கிறாள். எண்ணெய் படிந்து கறுத்த பழைய ஜாக்கி, பிடியை அழுத்த அழுத்த, முனகிக்கொண்டே காரைத் தூக்குகிறது. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. "நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க. எறங்காம நின்னா எடுத்துக்குங்க, இல்லன்னா வாணாம்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு காஜா மொய்தீன் நடக்கிறார். தனக்கொடி, குடித்து முடிக்காத டீ கிளாஸைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறாள். மேலே ஒரு விரல் நுழையும் இடைவெளி. சாய்ந்த வெயில் டீக்குள் இறங்கித் தேன் நிறமாகிறது. கார்க் கண்ணாடியில் வேப்பமரம் மிதக்கிறது. காக்கைகள் ஒவ்வொன்றாக அதற்குள் வந்து அமர்கின்றன. தூரத்தில் கரும்பு வண்டியின் மணிச் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காஜா மொய்தீன் திரும்பி வரும்போது டீயில் ஆடை படிந்திருக்கிறது. விரல் இன்னும் நுழைகிறது.

"இன்னாம்மா, புடிச்சிருக்கா?"

"குடுங்க பாய். இனிமே இவரு அடியில படுத்தா, நான் பக்கத்துலயே நிக்காம உள்ள போயி சோறு வடிக்கலாம்."