நூற்றிருபது டிகிரி

"எவ்வளவு தூரத்துலடா வர்றாங்க?" என்று மச்சான் வயர்லெஸ்ஸில் கேட்டான்.

அவன் ஓட்டிப்போன சரக்குப் படகில் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது. பம்பு நின்றுபோய் அரை மணி ஆகிறது. இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம் மிதக்கும் என்று அவனே சொன்னான். மிதவைச் சட்டை போட்டிருக்கிறான்தான். ஆனால் இந்த மாதத்துக் கடலில் கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் தாங்கியதில்லை.

நான் கரையில், கட்டுப்பாட்டு அறையில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ராடார் கிழடு. கோபுரத்திலிருந்து ஒவ்வொரு படகும் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று மட்டும் காட்டும். படகுக்கும் படகுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாங்கள்தான் பென்சிலால் போட வேண்டும்.

மச்சான் பதினாறு கிலோமீட்டரில். மீட்புப் படகு, இருப்பதே ஒன்றுதான், பதினாலு கிலோமீட்டரில். நடுவில் கோணம் நூற்றிருபது டிகிரி. இரண்டு பக்கமும் இடையிலுள்ள கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கம் வந்துவிடும். கொசைன் விதி. இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் கிளம்பாது என்று ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள்.

"பதினஞ்சு கிலோமீட்டர்," என்றேன். "இந்த அலையில ஒரு மணி நேரம். வந்துருவாங்க."

சிரித்தான். உயிர் போகிற நேரத்திலும் அவனுக்கு நக்கல் போகாது. "நீ போட்ட கணக்கு. நம்பித்தானே ஆகணும்."

நானும் அவனும் ஒரே பெஞ்சு. கணக்கு அவனுக்கு வேப்பங்காய். என் தாளைப் பார்த்தே பள்ளிக்கூடத்தை ஒப்பேற்றினான். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு, அதுவரை சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்த 'மச்சான்' என்ற வார்த்தையை நிஜமாக்கிவிட்டான்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"கோணம் என்ன?"

கேட்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

"நூத்தி இருபது," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு படகின் தூரத்தையும் அவனுக்கு முன்பே சொல்லியிருந்தேன். கணக்கில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு பரீட்சையில், இதே நூற்றிருபதுக்கு, நான் மைனஸ் குறியை விட்டுவிட்டேன். அவன் அதை அப்படியே காப்பியடித்தான். நெட்டைக் காலுக்காக நாங்கள் காம்பஸ் என்று பெயர் வைத்திருந்த வாத்தியார் எனக்கு இரண்டு அடி, அவனுக்கு நாலு அடி கொடுத்தார். கோணம் தொண்ணூறைத் தாண்டினால் கழிக்காதே, கூட்டு என்று நூறு தடவை எழுத வைத்தார். கைகளை விரிக்க விரிக்க விரல்நுனிகள் விலகத்தானே செய்யும். அவன் எதை மறந்தாலும் அதை மறந்ததில்லை.

என் கைக்குக் கீழே தாள் இருந்தது. கூட்டித்தான் போட்டிருந்தேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் இருபத்தாறு கிலோமீட்டர் வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம்.

அதை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவனிடம் மட்டும் கழித்துச் சொன்னேன்.

இரைச்சல் நீண்டுகொண்டே போனது. அவன் மனசுக்குள் போட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"சரியாத்தான்டா போட்டிருக்க," என்றான் கடைசியில். குரலில் நக்கல் இல்லை. "ஒரு மணி நேரம். உன் தங்கச்சி கேட்டா இதையே சொல்லு. மாத்திடாத."

இந்தத் தடவை தெரிந்தே காப்பியடித்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கை நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு விரலைக் காட்டினேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அவனுக்காகக் கொண்டுவந்திருந்த துவட்டும் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.