அண்ணனுக்கு மரை வெட்டின தம்பி

டேய், ஃபோனைத் தேய்ச்சது போதும், கேளுங்க. உங்களை மாதிரி ஆளுங்க கதைதான்.

உடம்பு முழுக்கத் திருகு வரி ஓடுற ஒரு மரைக்கம்பி இருந்துச்சு. அதுக்குப் பொருந்துற நட்டு எங்கயும் கிடைக்கல. நட்டு இல்லேன்னா பழைய இரும்புக்குத்தான் போகணும். அதனால கம்பி நுனியில ஒரு துண்டு வெட்டி, வெட்டுற முனை வர அதுல நீளவாக்குல பள்ளம் எடுத்து, ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டிக்குள்ள மரை வெட்டி நட்டு செய்ய அனுப்பினாங்க.

"என்னடா தம்பி, எலி கடிச்ச மாதிரி இருக்க?"ன்னு கம்பி சிரிச்சுது.

துண்டுக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. ஆனாலும் கட்டியோட ஓட்டையில இறங்கி, ஒரு சுத்து முன்னாடி, அரைச் சுத்து பின்னாடின்னு போச்சு.

"ஏண்ணே திரும்பித் திரும்பிப் போறீங்க?"ன்னு கட்டி கேட்டுச்சு.

"வெட்டுற சீவலை வெளியே தள்ளலேன்னா, அது அடைச்சு நீ விரிசல் விட்டுருவடா. இருக்கிறதே நீ ஒருத்தன்தான்."

கட்டி நட்டா மாறிடுச்சு. கம்பி அதுக்குள்ள வாழைப்பழத்துல ஊசி ஏத்தின மாதிரி ஓடுச்சு. "பார்த்தீங்களா, எல்லாம் என் ராசி"ன்னு பீத்திக்கிச்சு. துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

கொஞ்ச நாள்ல நட்டு துண்டுகிட்ட கேட்டுச்சு: "கம்பி அண்ணன் எனக்குள்ள லேசா ஆடுறாரே, ஏண்ணே?"

துண்டு சொல்லுச்சு: "அன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சாருல்ல, அந்த வயித்தெரிச்சல்டா. வேலை முடிஞ்ச பிறகும் வேணும்னே உன்னை நாலு சுத்து கூடத் தேய்ச்சுட்டேன்."