சாம்பல்நாரையைத் தேடி

"கெசினே ஹார்ம்ஸ் நீங்கதானே? உங்க தளத்துல போட்டிருந்த விலாசத்தை வச்சுத்தான் வந்தேன்."

வாசலில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். நனைந்த மழைக்கோட்டு. கையில் அச்செடுத்த காகிதம். மூன்று மாடி ஏறிய இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

கெசினே கதவைப் பாதிதான் திறந்தாள். "தளம் நடத்தறவங்க விலாசம் போடணும்னு சட்டம் கேட்குதேன்னு போட்டது சார் அது. வீடு தேடி வர்றதுக்கு இல்ல."

"மன்னிக்கணும் மேடம். என் பேர் ஃபோல்க்மார் தீலே. காஸெல்லேர்ந்து வர்றேன். வழியில ஒரு ரயில் ரத்து, ஒண்ணு லேட்டு... அதை விடுங்க. எங்க சர்வரோட இருந்த தொடர்பை நீங்க துண்டிச்சுட்டீங்க. மூணு வாரமா நான் மனுஷனாவே இல்ல."

ஓல்டன்பர்க்கின் அந்தச் சின்ன ஃபிளாட்டிலிருந்துதான் நானூறு பேருக்கான சர்வரை நடத்திக்கொண்டிருந்தாள் கெசினே. பெரிய கம்பெனிகளின் சங்காத்தமே வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள், ஊருக்கொரு சர்வர் வைத்து, ஒன்றோடொன்று இணைத்துப் பேசிக்கொள்ளும் உலகம் அது. முதலாளி கிடையாது. அதனால் சர்வருக்கொரு சட்டம், வாரத்துக்கொரு சண்டை! கூட நிர்வகித்த மூன்று பேரும் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகிவிட்டார்கள். வருகிற புகாரையெல்லாம் அவள் ஒருத்திதான் படித்துச் சாக வேண்டும்.

"உங்க சர்வர்லேர்ந்து தொல்லைன்னு புகார். உங்க நிர்வாகிக்கு நாலு தடவை எழுதினேன். பதிலே இல்ல. வேற வழியில்லாம துண்டிச்சேன்" என்றாள்.

"எவனோ ஒரு வீணாப்போனவன் பண்ணினதுக்கு எங்க முந்நூறு பேரையும் வெட்டி விடுறதா? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" அவர் குரல் உடைந்தது. "மத்தவங்க எப்படியோ போகட்டும். உங்க சர்வர்ல எனக்கு ஒரே ஒருத்தங்க இருக்காங்க. சாம்பல்நாரைங்கிற பேர்ல பறவைப் படமா போடுவாங்க."

"நானூறு பேர்ல யார் யாருன்னு நான் எங்க கண்டேன்?"

"நாலு வருஷம் மேடம்! காலைல கண்ணு முழிச்சதும் அவங்களுக்குத்தான் முதல் வணக்கம். அம்மா போனதுக்கப்புறம் எனக்கு வேற நாதியில்ல."

"நிஜப் பேர் தெரியுமா?"

"அங்க யாரு அதையெல்லாம் கேட்கிறது? கேட்டா அநாகரிகம்னு ஊரே சேர்ந்து கடிச்சுக் குதறிடுமே. மரியாதை பார்த்தே மோசம் போனேன். ஒரு போன் நம்பர்கூட என்கிட்ட இல்ல."

"வேற சர்வர்ல சேர்ந்துக்கலாமே?"

"சேராமலா? இந்த நாலு வருஷத்துல ஏழு மாறிட்டேன். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?'னு கட்டுரை எழுதச் சொல்றான். வாடகைக்கு வீடு கேட்டாக்கூட இவ்வளவு கேள்வி கிடையாது! எழுதிட்டு வாரக்கணக்கா தேவுடு காக்கணும். உள்ளே விட்டா, ஒண்ணு சர்வரையே மூடிட்டுப் போயிடறாங்க, இல்ல என்னை வெளிய தள்ளிடறாங்க." கைகளைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார். "ஒரே ஒரு மணி நேரம் திறந்து விடுங்க. அவங்க இருக்கிற இடத்தைக் கேட்டுக்கறேன். அப்புறம் நேர்லயே பார்த்துக்கறேன்."

கெசினே சற்று யோசித்தாள். "இருங்க, பார்த்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்க... ரெண்டு வாரம் முன்னாடி இறந்துட்டாங்களாம்."

ஃபோல்க்மார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய சத்தமில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

"எங்க புதைச்சிருக்காங்க? ஒரு பூவாவது வச்சுட்டுப் போறேன்."

"தெரியாது சார். நீங்களே சொன்னீங்களே, அங்க யாருக்கும் யார் பேரும் தெரியாது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கைப்பிடியைப் பற்றி இரண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார். அழுத கண்ணில் லேசாக ஒரு தெளிவு.

"நீங்க ரொம்ப நல்லவங்க. இவ்வளவு பொறுமையா யாரும் நான் சொல்றதைக் கேட்டதில்ல. இனிமே தினமும் காலைல உங்களுக்கு எழுதறேன். விலாசம்தான் கைவசம் இருக்கே! இந்தப் பக்கமே ஒரு ரூம் கிடைக்குமான்னும் பார்க்கறேன்."

வீதிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், கெசினே தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியையும் மாட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'மன்னித்துவிடுங்கள், இந்த வாரத்தோடு மூடுகிறேன்' என்று நானூறு பேருக்கும் எழுதினாள்.

அப்புறம் சாம்பல்நாரை என்ற தன் சொந்தக் கணக்கைத் திறந்து, பறவைப் படங்களோடு சேர்த்து அழித்தாள். இந்த மனிதருக்குப் பயந்துதான் அவள் பழைய சர்வரை விட்டு வந்து இந்த சர்வரையே தொடங்கியிருந்தாள்.