புடலங்காய்ச் சம்பந்தம்

"வேகம் பிடிங்க அக்கா! யாராவது பாத்தா என்ன நெனைப்பாவ?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்லபாய் ஒவ்வொரு புடலங்காயாக நீட்டினாள். இந்தப் பக்கம் பகவதியம்மாள் பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, திருட்டுச் சாமான் வாங்குகிறவள் மாதிரி வாங்கி வாங்கித் தரையில் அடுக்கினாள்.

திருட்டெல்லாம் இல்லை. மகள் விஜயத்தைப் பெண் பார்க்க ஆள் வருகிறது, அவ்வளவுதான்.

பயிரைப் பெருக்கச் சொல்லி சர்க்காரே உப்பு உரம் என்கிற வெள்ளை ரசாயன உரத்தை மூட்டை மூட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளையின் அப்பா, நாகர்கோவில் பூதலிங்கம் பிள்ளைக்கு அந்த உரத்தின் பேரைக் கேட்டாலே குமட்டும். சாணியும் சாம்பலும் தின்று வளர்ந்த காய்தான் காய் என்பார்.

பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்பது அவர்கள் வழக்கம். இந்த மனிதரோ இதுவரை மூன்று வீட்டில் இலையைப் பார்த்ததுமே, "உப்பு உரம்!" என்று எழுந்து போயிருக்கிறார். அந்தப் பெண்கள் மூக்கும் முழியுமாக இருந்து என்ன புண்ணியம், கத்தரிக்காய் சரியில்லையே!

பையன் செகரட்டேரியட்டில் குமாஸ்தா. கோயிலில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, விஜயம் மனசுக்குள் அவனோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அவள் அப்பா திரவியம் பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "காய் முழுக்க எங்க தோட்டத்துல சாணி உரத்துலேயே விளைஞ்சது. வந்து கண்ணால பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்களுடைய வலியசாலை வீட்டின் பின்புறம் பந்தல் இருந்தது, கொடி இருந்தது. காய் என்று சொல்ல, சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு இருந்தன. அடுத்த வீட்டுச் செல்லபாயோ உப்பு உரத்தை அள்ளிப் போட்டுப் பந்தல் கொள்ளாமல் வளர்த்து வைத்திருந்தாள்.

"வாழைநார் வச்சுக் கொடியில கட்டுங்க அக்கா. நுனியில ஒரு கல்லும் கட்டணும். காய் வளையாம நீளணும்னு கல்லு கட்டாத பந்தலு உண்டுமா? அப்பதான் நம்புவாவ."

"சவம், எம்மவளுக்கு நல்லது நடந்தா சரி" என்று பகவதியம்மாள் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டாள்.

சம்பந்திகள் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முத்தாரம்மாள் வெற்றிலை எடுக்கப் பையைத் திறந்தபோது பச்சை நூல்கண்டு ஒன்று விழுந்து உருண்டது. "வார வழியில வாங்கினேன் மைனி" என்று அவசரமாக எடுத்து உள்ளே வைத்தாள். தையல் தெரிந்த மாமியார் வாய்ப்பது நல்லதுதான் என்று பகவதியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பூதலிங்கம் பிள்ளை உட்காரவே இல்லை. நேராகப் பந்தலடிக்குப் போய் நின்றார்.

"இதாம்வே காய்! சாணி பேசுது வே, சாணி பேசுது! உப்புப் போட்டா இந்த மினுமினுப்பு வருமா?"

"வராது, வராது" என்று திரவியம் பிள்ளை மேல்துண்டால் வேர்வையைத் துடைத்தார்.

"எங்க வீட்டுல பசு செத்து ரெண்டு வருசமாச்சு. ஒரு கூடை சாணி போடல்ல. ஆனா காய்ப்பு முன்னைக்கு இப்ப டபுள்! ஏன்னு கேளும். மண்ணுக்கு நன்றி உண்டு வே, மனுசனுக்குத்தான் இல்ல!" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

அந்த நேரம் பார்த்து முத்தாரம்மாள் ஒரு காயை மெல்லத் தொட்டாள். காய் கல்லோடு சேர்ந்து அவள் கைக்கு வந்துவிட்டது. காம்பில் வாழைநார் முடிச்சு தொங்கியது.

பகவதியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. முருகா, எம்பிள்ளை வாழ்வு ஒரு முழ நாரில் அறுந்துபோச்சே என்று உள்ளுக்குள் அலறினாள்.

முத்தாரம்மாள் முடிச்சைப் பார்த்தாள். அண்ணாந்து கொடியைப் புகழ்ந்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். சத்தமில்லாமல் காயைக் கொடிக்குள் செருகிவிட்டு, "வெயிலு ஏறுது, இலை போடச் சொல்லுங்க" என்றாள்.

பூதலிங்கம் பிள்ளை கை நனைத்தார். நனைத்ததோடு நிற்காமல் தேங்காய் துருவிப் போட்ட புடலங்காய்த் துவரனை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றார். "என் நாக்கை ஏமாத்த முடியாது வே! சுத்தமான சாணி ருசி! தையில முகூர்த்தம் பாரும்" என்று ஏப்பம் விட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற விஜயம் சிரித்தாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முத்தாரம்மாள், "மைனி, ஒரு காரியம் பேசணும்" என்று அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

பகவதியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் மைனி. எம்மவ மொகத்தைப் பாத்து மன்னிச்சிருங்க. உங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

முத்தாரம்மாள் பையைத் திறந்து நூல்கண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாரு காஞ்சா வெளுத்துக் காட்டிக்குடுத்திரும் மைனி. பசு செத்த நாள்லேர்ந்து நான் பச்சை நூலுலதான் கட்டுகேன்."