முட்டைக்குப் பிறகு ரொட்டி

எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் ஜன்னல் திறந்திருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாதென்றால் திரை போட்டிருக்க வேண்டும். அவருக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்து மூன்று மாதமாகிறது. இன்னொரு ஆளும் புகுந்துகொள்ளலாம் போலத் தொளதொளக்கும் பழைய சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் விழும் மேசையில் அவரே சுட்ட ரொட்டி ஆவி விடுகிறது. பக்கத்தில் ஓர் அவித்த முட்டை, குழந்தைக்கு ஊட்டுகிற அளவில் ஒரு கரண்டி. முதலில் புரதம், இடமிருந்தால்தான் ரொட்டி என்பது டாக்டர் உத்தரவு. ஒருநாளும் இடமிருந்ததில்லை, தெருவுக்கே தெரியும், நான்தான் சொன்னேன். “பாதி முட்டைய விட்டுடறேன், ரொட்டியில ஒரு ஓரம் மட்டும் குடேன்” என்று கெஞ்சுகிறார், கடையில் அதட்டியே பழகியவர். “புரதம் பத்தாம முடி கொத்துக் கொத்தா கொட்டுது. பேசாம முட்டையச் சாப்பிடுங்க” என்கிறாள் மனைவி. “மொட்டையானாலும் நீ என்னைத்தானே கட்டிக்கிட்டு அழணும்?” அவள் சிரிக்கவில்லை. அவர் மெல்லுகிறார், மெல்லுகிறார், ஆவி அடங்கும்வரை மெல்லுகிறார். கடைசி வாய் இறங்கியதும் வயிறு முட்டிக் கை நெஞ்சுக்குப் போகிறது. இருபது வருடமாக “இன்னும் ஒண்ணு” என்று தட்டில் வைத்தே பழகியவள், நகமளவு ஓரத்தைப் பிய்த்து நீட்டுகிறாள். “இவ்வளவுக்காவது இடமிருக்கா?” வாங்கி மூக்கருகே பிடிக்கிறார். கண் மூடுகிறது. பிறகு இல்லையென்று தலையசைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அவள் தட்டோடு உள்ளே போனதும், மெதுவாகக் குனிந்து அந்தப் பையை முகர்கிறார்.